இரவு இரண்டு மணிக்கு விடிகிற ஊர்

*காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் பஞ்சப்பூருக்குப் போகப்போகிறது. மண்டி கிளம்பிய பிறகு திருச்சியின் நடுவில் என்ன மிஞ்சும்?*

இரவு இரண்டே கால் மணி. காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிப் பக்கம் ஒரு லாரி பின்னால் வந்து நிற்கிறது. தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிய நான்கு பேர், வண்டி முழுசாக நிற்பதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். ஊரின் மற்ற பக்கங்களில் நாய்கூடக் குரைக்காத நேரம். இங்கே டீக்கடையில் மூன்றாம் தடவையாகப் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது.

லாரியிலிருந்து இலைக்கட்டுகள் இறங்குகின்றன. காய்ந்த வாழைச் சருகால் போர்த்தி நாரால் இறுக்கிய கட்டுகள். கட்டைப் பிரிக்க உட்கார்ந்த பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து இலைமேல் தெளிக்கிறார். அதன்பிறகு அவருடைய வலது கட்டைவிரல் மட்டும்தான் நகர்கிறது. நடு நரம்பை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போகிறது. பார்வை அடுத்த லாரி மேல் இருக்கிறது. கிழிந்த இலை வந்தால் விரல் தானாக நின்றுவிடும். அந்த இலை தனியே போகும். நுனி இலை ஒரு பக்கம், டிபன் கடைக்கான ஏடு இன்னொரு பக்கம்.

"நுனி இலை என்ன விலைங்க அக்கா?" என்று கேட்டேன்.

"எத்தனை பந்தி தம்பி?" என்றார்.

விலைக்கு முன்னால் விருந்தைக் கேட்கிறார். பந்தி தெரிந்தால்தான் எவ்வளவு அகலமான இலை, எத்தனை கட்டு என்று அவருக்குப் பிடிபடும். ஐந்து மணிக்குள் இந்தக் கட்டுகளில் பாதி தில்லைநகர், புத்தூர், ஸ்ரீரங்கம் என்று போய்ச் சேர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கு ஏதோ ஒரு மெஸ்ஸில் உங்கள் முன்னால் விரிகிற இலை, இந்த அம்மாவின் கட்டைவிரலைக் கடந்து வந்ததாகவே இருக்கும்.

இன்றைக்குத் திருச்சிக்காரர்கள் இருவர் சந்தித்தால் பேசுகிற விஷயம் இதுதான்: மார்க்கெட் போகிறதா, எப்போது போகிறது, யார் யார் போகிறார்கள்? நானும் அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். ஆனால் மார்க்கெட்டைச் சுற்றி மூன்று இரவும் மூன்று பகலும் நடந்த பிறகு, கேள்வி பெரிதாகிவிட்டது.

மூன்று முயற்சிகள்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோட்டைக்குத் தென்கிழக்கே 19ஆம் நூற்றாண்டிலேயே கூடத் தொடங்கிய சந்தை இது. பி. ரத்தினவேல் தேவர் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் விரிந்து, காந்தியின் பெயரைப் பெற்றது. ஊர் வளர்ந்தது. மாட்டுவண்டி போய் லாரி வந்தது. சந்தையின் இடம் மட்டும் அப்படியே நின்றது. மழை பெய்தால் முழங்கால் சேறு. கழிவு அள்ளும் வண்டியும் காய்கறி வண்டியும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூர் ரோட்டில் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும்.

அதனால் மாற்ற வேண்டும் என்ற பேச்சு புதிதில்லை. மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய் செலவில் மத்திய வணிக வளாகம் கட்டி 2017இல் திறந்தார்கள். பெரும்பாலான வியாபாரிகள் போகவில்லை. தூரம், கடையின் அளவு, சில்லறை வாங்க யார் வருவார்கள் என்ற பயம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 2020 கொரோனா ஊரடங்கில் மார்க்கெட்டை மூடி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், அந்த ஆண்டு நவம்பர் கடைசியில்தான் கதவு மறுபடி திறந்தது. இப்போது மூன்றாவது முயற்சி. ஊரின் தெற்கு எல்லையிலுள்ள பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 மே 9 அன்று திறந்துவைத்தார். அதே நாளில் அங்கேயே மொத்தக் காய்கறிச் சந்தைக்கும் அடிக்கல் நாட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருப்பதால் இந்த முறை நிஜமாகவே நடக்கும் என்று ஊர் நம்புகிறது.

நடக்கட்டும். மொத்த வியாபாரம் ஊருக்கு வெளியே போவதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஊட்டியிலிருந்தும் வரும் பதினாறு சக்கர லாரிக்குப் பாலக்கரையின் சந்துகள் அளவெடுத்த சட்டை கிடையாது. தக்காளி அழுகாமல் வைக்க ஒரு குளிர்கிடங்கு வேண்டும், லாரி டிரைவர் படுத்துத் தூங்க ஒரு நிழல் வேண்டும், விவசாயி தராசைக் கண்ணால் பார்க்க வெளிச்சம் வேண்டும். புது இடத்தில் இதெல்லாம் வாய்க்கலாம்.

என்னுடைய கவலை, லாரி திரும்பிப் போன பிறகு இங்கே இருக்கப்போகிறவர்களைப் பற்றியது.

புலிவார் ரோடு என்ற பெயர்

மார்க்கெட்டுக்கு வெளியே நிற்கும் மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. அது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போனவர்களின் நினைவாக எழுப்பியது. ஐரோப்பாவில் மூண்ட சண்டைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் கப்பலேறினார்கள். இன்று அந்த நினைவுச்சின்னத்தின் காலடியில் எலுமிச்சம்பழம் கூறுகட்டி விற்கிறார்கள். அதில் எனக்கு மரியாதைக் குறைவு எதுவும் தெரியவில்லை. போனவர்கள் திரும்பி வந்திருந்தால் இந்தக் கூட்டத்தில்தானே நின்றிருப்பார்கள்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி, நகைப் பட்டறைகள் நிறைந்த ஜாபர்ஷா தெரு, துணிக்கடைகள் நெருக்கும் என்.எஸ்.பி. ரோடு, தெப்பக்குளம், மெயின்கார்டு கேட். எல்லாம் பழைய கோட்டைக்குள் அடங்கிய தெருக்கள். கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் அகழி இருந்தது. மதிலை இடித்து அகழியைத் தூர்த்து, அதன்மேல் போட்ட ரோடுகளைத்தான் ஊர் மேலப்புலிவார் ரோடு, கீழப்புலிவார் ரோடு என்கிறது. சின்ன வயதில் இங்கே புலி வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயருக்குள் இருப்பது 'பவுல்வர்டு' என்ற பிரெஞ்சுச் சொல்.

பெட்டிச் செய்தி: மதிலை இடித்த மூன்று ஊர்கள்

'பவுல்வர்டு' என்ற சொல்லே அரண் என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. பாரிஸில் பதினான்காம் லூயி மன்னன் கோட்டைச் சுவர்களை அகற்றச் சொன்னான். சுவர் நின்ற இடத்தில் மரம் நட்ட அகன்ற சாலைகள் வந்தன, அரணின் பெயரே சாலைக்கு நிலைத்துவிட்டது. வியன்னாவில் 1857இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் மதிலை இடிக்க உத்தரவிட, 'ரிங்' என்னும் வட்டச்சாலை பிறந்தது. இன்று அந்நகரின் இசை அரங்கும் பாராளுமன்றமும் அதன்மேல்தான் இருக்கின்றன. திருச்சி நகராட்சி அமைந்தது 1866. இங்கும் மதில் போய் ரோடு வந்தது. வெள்ளைக்காரர் வைத்த பெயரை ஊர் தன் நாக்குக்கு வாகாக 'புலிவார்' ஆக்கிக்கொண்டது. கோட்டையின் மேற்கு வாசல் மட்டும் மெயின்கார்டு கேட் என்ற பெயரில் இன்னும் நிற்கிறது.

அரை மணி நடையில் ஆயிரத்து நானூறு ஆண்டு

ஐரோப்பாவின் பெரிய நகரங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு விஷயத்தை வியந்து சொல்வார்கள்: எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, ஒரு தெருவைத் தாண்டினால் நூற்றாண்டே மாறிவிடுகிறது என்று. நம் ஊரில் அதே நடையை நடந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நத்தர்வலி தர்கா. ஆற்காட்டு நவாப் பதவிக்காக ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற சந்தா சாகிபும் முகமது அலியும் இந்த ஒரே வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். அந்தப் பதவிச் சண்டையில் ஒருவர் பக்கம் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பக்கம் ஆங்கிலேயர். 1752இல் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். இந்தியா எந்த ஐரோப்பியர் கைக்குப் போகும் என்ற கணக்கில் பெரும்பகுதி இந்த மலைக்கோட்டைப் பாறையைச் சுற்றித்தான் எழுதப்பட்டது. இன்று ரமலான் மாதம் வந்தால், பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்கு நொய்யும் பூண்டும் புதினாவும் வாங்க இதே மார்க்கெட்டுக்குத்தான் ஆள் வருகிறது.

தெற்கே பாலக்கரையில் உலக மீட்பர் பசிலிக்கா. அந்தப் பெயரில் வழி கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள், சகாய மாதா கோயில் என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். மேற்கே, பிரான்ஸின் லூர்து நகர ஆலயத்தை மனதில் வைத்துக் கட்டிய லூர்தன்னை ஆலயத்தின் ஊசிக்கோபுரம். அதை ஒட்டிச் செயின்ட் ஜோசப் கல்லூரி: 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்தது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம்.

நடுவில் மலைக்கோட்டை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். படியேறும் வழியில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகை. கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் அங்கே ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார். பக்கத்துத் தூணில் உள்ள கல்வெட்டு காவிரியைப் பற்றிப் பேசுகிறது. கல்வெட்டை வாசித்துவிட்டு மேலேறினால், வடக்கே அதே காவிரி வெயிலில் கிடக்கிறது. பல்லவன் பார்த்த காட்சியை நீங்களும் பார்த்துவிடுகிறீர்கள்.

இந்தப் பாறைக்கும் மண்டிக்கும் உள்ள உறவு லேசானதில்லை. சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் தாயுமானவருக்கு வாழைத்தார் கொண்டுவந்து வைப்பார்கள். இரவு இரண்டரைக்கு லாரியிலிருந்து இறங்கிய பூவன் தார், காலை ஒன்பதுக்கு ஒரு பாட்டியின் தோளில் படியேறிப் போவதைப் பார்த்தேன். பின்னால் பேத்தி கைக்குழந்தையோடு மூச்சு வாங்க நடந்தாள். விநாயகர் சதுர்த்திக்கு மேலும் கீழுமாக இரண்டு பிள்ளையாருக்கும் சேர்த்து 150 கிலோவில் கொழுக்கட்டை அவித்து, தூளி கட்டித் தூக்கிப் போகிறார்கள். அதற்கான பச்சரிசி மாவு, வெல்லம், எள், தேங்காய், ஏலக்காய் எல்லாம் எங்கிருந்து மலையேறும் என்று நினைக்கிறீர்கள்?

பூவின் பாதை

மார்க்கெட்டின் இன்னொரு வாசலில் பூக்கடைகள். அந்தநல்லூர் பக்கத்து எட்டரை, கோப்பு, போதாவூர், போசம்பட்டி ஊர்களில் பறித்த மல்லிகையும் சம்பங்கியும் சாக்கில் வந்து இறங்கும். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் இன்னொரு பூ மார்க்கெட். ஆற்றின் இரு கரையிலும் விடியற்காலையில் பூ விலை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஏறி இறங்கும்.

ஸ்ரீரங்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஏழு பிராகாரம், 156 ஏக்கர், 1987இல் நிறைவடைந்த 236 அடி ராஜகோபுரம். இந்த எண்களுக்குள் ஒரு விஷயம் மறைந்துவிடுகிறது. அந்தப் பிராகாரங்களில் வெளிப்பக்கத்தவை வீடும் கடையும் பள்ளிக்கூடமும் உள்ள தெருக்கள். சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் பிறந்தவர்கள் கோயிலுக்குள்ளேயே பிறந்தவர்கள். உலகத்தில் மிகச் சில கோயில்களுக்குத்தான் தமக்குள் ஒரு ஊர் உண்டு. அந்த ஊருக்குக் காலை மாலை சோறும் பூவும் வேண்டும். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளைக்கும் மேலாகத் திருவிழா நடக்கும்போது ஆற்றுக்கு இந்தப் பக்கமுள்ள மண்டிகளும் தூங்குவதில்லை.

கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள் என்பது நம்பிக்கை. அந்த ஞாயிறுகளில் திருச்சியின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் பூத்தட்டு கிளம்பும். காந்தி மார்க்கெட் லோடுமேன்கள் பூத்தட்டு எடுத்துப் போவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுவதும் மூட்டை சுமந்த தோள், அன்றைக்குத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு இதழ் சிந்தாமல் நடக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து யானை மேல் பூ வரும். ரங்கநாதர் தங்கைக்கு அனுப்புகிற சீர் அது.

ஆக, இந்த மார்க்கெட்டைக் காய்கறி விற்கும் இடம் என்று சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஒரு பாறை, ஒரு தர்கா, ஒரு பசிலிக்கா, ஒரு தீவு நகரம், ஆறு தாண்டி ஓர் அம்மன் என்று எல்லோருக்கும் பொதுவான சமையலறை இது.

பாலக்கரையின் பாட்டு

மார்க்கெட்டுக்குத் தெற்கே பாலக்கரை, சங்கிலியாண்டபுரம். தமிழ்நாட்டின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே. தியாகராஜ பாகவதர் வளர்ந்ததும் கடைசியில் அடங்கியதும் இந்த வட்டாரம்தான். எஃப்.ஜி. நடேச அய்யர் 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் 'ஹரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாகத்தான் அந்தச் சிறுவன் முதன்முதல் மேடையேறினான். சிவாஜி கணேசன் சிறுவயதில் வாழ்ந்ததும் சங்கிலியாண்டபுரத்தில். 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் பேசத் தொடங்கியபோது, சுற்றுவட்டாரத்தின் பாட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் விவசாயத்துக்கும் ஒரே வாசல் கிடைத்தது.

இந்தக் கலைஞர்கள் வளர்ந்த தெருக்களில் இரவு முழுக்க டீக்கடை திறந்திருந்தது, நாடகம் விட்டு வருகிறவனுக்குச் சூடாக இட்லி கிடைத்தது என்பதைக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. மார்க்கெட் இருந்ததால் அந்தத் தெருக்களுக்கு இரவு இருந்தது. இன்றும் ஊரில் இரண்டு மணிக்குப் பெண்கள் பயமில்லாமல் நடமாடுகிற தெரு எது என்று கேட்டால் நான் மார்க்கெட் வாசலைத்தான் காட்டுவேன். போலீஸ் பூத்தைவிட அங்கே காவலாக இருப்பது கூட்டமும் வெளிச்சமும்.

யாருக்கு என்ன போகும்?

கமிஷன் மண்டிக்காரருக்குப் பஞ்சப்பூரில் கடை கிடைக்கும். வாடகை, அளவு, முன்பணம் என்று சண்டை போட்டாவது ஒரு நம்பர் வாங்கிவிடுவார். அவருக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார்.

தரைக்கடைப் பெண்ணுக்கு? சாக்கை விரித்துக் கொத்தமல்லி, கறிவேப்பிலை, கீரை விற்கிற அந்த அம்மாவுக்குக் கடை நம்பர் எதுவும் கிடையாது. மூன்று மணிக்கு மண்டியில் சிப்பம் எடுத்து, பத்தடி தள்ளிப் பிரித்து, கூறு போட்டு, ஏழு மணிக்குள் விற்றுவிட்டு, எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார். அவருடைய முதலீடு சில நூறு ரூபாயும் அந்தப் பத்தடி தூரமும்தான். மண்டி ஊரின் தெற்கு எல்லைக்குப் போனால் அந்தப் பத்தடி பல கிலோமீட்டர் ஆகிவிடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பஸ்ஸே இல்லை. குட்டியானை வைத்து ஏற்றிவந்தால் லாபம் வாடகைக்கே சரியாகிவிடும். நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடிக்கலாம் என்று சொல்வது சுலபம். நால்வரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற மூவரின் கணக்கும் அன்று உதைக்கும்.

சுமைப்பணித் தொழிலாளர் கதை வேறு. மொத்த வியாபாரத்தோடு அவர்களும் போவார்கள். அங்கே லாரிக்கும் கடைக்கும் நடுவே நேராக மேடை கட்டினால் தலைச்சுமை குறையும். முதுகுக்கு நல்லதுதான், கூலிக்கு நல்லதா என்பதை இப்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் குடும்பங்கள் பாலக்கரை, வரகனேரி, தாராநல்லூர் சந்துகளில் இருக்கின்றன. வேலை முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்கு நடந்து போகிற வசதி எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் எண்ணாக வராது.

அப்புறம் தள்ளுவண்டிக்காரர்கள், சாக்கு தைக்கிறவர்கள், தராசுக்கு முத்திரை பார்த்துக் கொடுக்கிறவர்கள், விடியவிடியப் பரோட்டா போடும் கடைகள், உதிர்ந்த முட்டைக்கோஸ் இலையைக் கூடையில் பொறுக்கி மாட்டுக்கு விற்கிற கிழவி. யாரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் தெருவோர வியாபாரம் நடக்கிற இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள தெருவோர வியாபாரிகளை இடம் மாற்றக்கூடாது என்றும் அதன் அட்டவணையில் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டி நூறையும் தாண்டிவிட்ட காந்தி மார்க்கெட்டுக்கு இந்த வரி பொருந்தாவிட்டால் தமிழ்நாட்டில் வேறு எதற்குப் பொருந்தும்?

பெட்டிச் செய்தி: சந்தையை மாற்றிய நகரங்கள்

பாரிஸ்: நகரின் நடுவில் இருந்த 'லே ஆல்' சந்தையை எழுத்தாளர் எமிலி சோலா 1873இல் வெளியான நாவலின் தலைப்பில் பாரிஸின் வயிறு என்றார். 1969இல் சந்தை தெற்கே ருன்ஜிஸுக்குப் போனது. இரும்பும் கண்ணாடியுமாக விக்டர் பால்டார் கட்டிய மண்டபங்களை 1971இல் இடித்தார்கள். பல ஆண்டுகள் அங்கே ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது. 1979இல் நிலத்தடி வணிக வளாகம் வந்தது.

லண்டன்: கோவென்ட் கார்டன் காய்கறிச் சந்தை 1974இல் நைன் எல்ம்ஸுக்கு மாறியது. சுற்றியிருந்த தெருக்களையும் இடிக்கும் திட்டத்தை எதிர்த்து அக்கம்பக்கத்தவர் போராடி நிறுத்தினார்கள். பழைய மண்டபம் 1980இல் கடைகளோடு மறுபடி திறந்தது.

சென்னை: கொத்தவால்சாவடியின் மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. பழைய இடத்தில் சில்லறைக் கடைகள் இன்னும் இருக்கின்றன, பழைய கூட்டம் இல்லை.

பள்ளமா, மண்டபமா?

பாரிஸ் செய்த தவறு சந்தையை மாற்றியது அன்று. காலி செய்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கியதுதான் தவறு. லண்டனில் தெருக்கள் தப்பின. அதற்காகத் தெருவில் இருந்தவர்கள் போராட வேண்டியிருந்தது. தப்பிய மண்டபத்தில் இன்று சுற்றுலாப் பயணிகள் காபி குடிக்கிறார்கள், முட்டைக்கோஸ் வாங்க யாரும் வருவதில்லை. நமக்கு இந்த இரண்டும் வேண்டாம்.

திருச்சிக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பஞ்சப்பூரில் கட்டிடம் எழும்பும் காலம் முழுவதும் பழைய இடத்தைப் பற்றி முடிவெடுக்கக் கையில் இருக்கிறது. மொத்த வியாபாரம் போனதும் இந்த நிலத்தில் அடுக்குமாடி வணிக வளாகமும் வாகன நிறுத்தமும் கட்டிவிட யாருக்காவது ஆசை வரும். நகரின் நடுவில் இத்தனை பெரிய இடத்தைப் பார்த்து ஆசை வராமல் இருக்காது. அதற்கு முன்னால் எழுத்தில் வர வேண்டிய சில விஷயங்கள் உண்டு. சில்லறைக் காய்கறி, பூ, இலை, வாழைத்தார் இங்கேயே இருக்கும் என்று மாநகராட்சி சொல்ல வேண்டும். தரைக்கடைகளை எண்ணி, கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள மேடைகள் அவர்களுக்கென்று கட்ட வேண்டும். நள்ளிரவு முதல் விடியும்வரை பஞ்சப்பூருக்கும் பழைய மார்க்கெட்டுக்கும் நடுவே சுமை ஏற்றிக்கொள்ளும் பஸ் ஓட வேண்டும். பெண்கள் கையில் கட்டோடு ஏறி இறங்கும்படி அதன் வாசல் இருக்க வேண்டும். இது ஒன்று நடந்தால் கீரைக்காரம்மாவின் பத்தடி முழுசாகப் போய்விடாது.

லாரி போனால் கிடைக்கும் காலி இடத்தில் மணிக்கூண்டைச் சுற்றிக் கொஞ்சம் மூச்சுவிடலாம். மார்க்கெட்டிலிருந்து கீழப்புலிவார் ரோடு வழியாகத் தெப்பக்குளம், குகை, தர்கா, லூர்தன்னை ஆலயம் என்று நடந்து போக நிழலும் நடைபாதையும் போடலாம். ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் கதையில், 1887இல், ஒரு சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்தான். லண்டனின் துப்பறிவாளனுக்கு ஊரைச் சாம்பலிலேயே தெரிந்திருந்தது. அந்தச் சுருட்டு சுற்றிய உறையூரும் இந்த நடையின் தொலைவில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்களைக் கூப்பிடுவது இருக்கட்டும். முதலில் தில்லைநகர்ப் பிள்ளைகள் இந்த வழியே ஒரு தடவை நடந்து பார்க்கட்டும்.

ஐந்தே முக்கால்

இலைக்கட்டு அம்மாவை மறுபடி பார்த்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. விற்றது போக மிஞ்சிய இரண்டு கட்டுகளைச் சருகோடு சேர்த்து மறுபடி கட்டி, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது பின்னால் உச்சிப்பிள்ளையார் கோயில் மேல் முதல் வெயில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். இலையை எண்ணிய அதே கட்டைவிரல்.

கட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் இருக்கைக்கு அடியில் ஓடியது. முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் தன் பையை மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மிச்சமாயிடுச்சா பாட்டி?"

"முகூர்த்தம் இல்லியே கண்ணு. நாளைக்குப் பாரு, ஒரு இலை நிக்காது."

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் கண்டக்டர் ஒரு கட்டைத் தானே தூக்கிக் கீழே வைத்தார். டிரைவர் அவர் இறங்கி நகரும்வரை வண்டியை எடுக்கவில்லை.